டிபிடியா, சிபிடியா, சும்மா கவுன்சிலிங் போதுமா? அக்கா பொண்ணுக்காக நாங்க ஒப்பிட்டுப் பாத்தது

அக்கா ஒரு நாள் ராத்திரி போன் பண்ணா, பேச்சே வரல, அழுகைதான் வந்துச்சு. அவ பொண்ணுக்கு அப்போ 15 வயசு. தன்னைத்தானே காயப்படுத்திக்கறா, அதுவும் ஏதோ ஒரு தடவை இல்ல, பல மாசமா நடந்துட்டு இருக்கு, அக்காவுக்கு அன்னிக்குதான் தெரிஞ்சிருக்கு. அதுக்கப்புறம் ரெண்டு மூணு வாரம் நாங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் படிச்சு, தெரிஞ்ச டாக்டருங்க கிட்ட கேட்டு, தெரபிஸ்ட்டுங்களுக்கு போன் போட்டு, இவளுக்கு எந்த மாதிரி தெரபி சரியா வரும்னு மண்டைய உடைச்சுக்கிட்டோம். நான் டாக்டர் இல்ல, சைக்காலஜிஸ்ட்டும் இல்ல, அவளுக்கு சித்தி, அவ்ளோதான். ஆனா அதே இடத்துல இப்போ நிக்கற அப்பா அம்மா நிறைய பேர் இருப்பீங்க, அதனால நாங்க எதை எதோட ஒப்பிட்டோம், எதுல ஏமாந்தோம், கடைசில ஏன் அந்த முடிவுக்கு வந்தோம்னு எழுதி வைக்கறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். புள்ள இப்பவே சாகப்போறேன்னு சொல்லுது, இல்ல அதுக்கு திட்டம் வச்சிருக்குன்னு தெரியுது, இல்ல காயம் பெருசா இருக்குன்னா இந்தக் கட்டுரையெல்லாம் அப்புறம் படிங்க, முதல்ல ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போங்க, தனியா விடாதீங்க. சாகணும்னு தோணுதான்னு வாய் விட்டுக் கேட்டா இல்லாத எண்ணத்தை நாமளே கிளப்பி விட்ட மாதிரி ஆயிடுமோன்னு அக்கா பயந்தா, நானும்தான். அப்படி ஆகாதுன்னு பாத்த டாக்டருங்க எல்லாருமே சொன்னாங்க, நேரா கேக்கறதுதான் நல்லதாம். கேட்டோம். "எப்பவும் இல்ல, சில சமயம்"னா. அந்த பதில் தெரிஞ்சதே எங்களுக்கு எவ்வளவோ உதவியா இருந்துச்சு.

சரி, ஒப்பிடறதுக்கு முன்னாடி என்னத்துக்கு வைத்தியம் பாக்கறோம்னு புரியணும். கவனத்தை இழுக்க பண்றா, சினிமா பாத்து கெட்டுப்போயிட்டா, பிரெண்ட்ஸ் சரியில்ல, இந்த மூணையும் சொந்தக்காரங்க மாத்தி மாத்தி சொல்லிட்டாங்க. நிஜத்துல நிறைய புள்ளைங்களுக்கு இது ஒரு சுவிட்ச் மாதிரி, உள்ள கொதிச்சுட்டு இருக்கறது தாங்க முடியாம போறப்போ அதை உடனே அணைக்கறதுக்கு அவங்களுக்கு கிடைச்ச ஒரே வழி இது, கொஞ்ச நேரத்துக்கு அணையவும் செய்யுது, அதனாலதான் திரும்பத் திரும்ப அங்கயே போறாங்க. அப்போ "இனிமே பண்ண மாட்டேன்னு சத்தியம் பண்ணு"ன்னு கேட்டா என்ன ஆகும்? சுவிட்சை பிடுங்கிட்டு வேற எதுவும் குடுக்காம விடறோம். அக்கா அந்த சத்தியத்தை வாங்கினா. நாலே நாள். அதுக்கப்புறம் மறைக்கறதுலதான் அவ கெட்டிக்காரி ஆனா.

எங்க முன்னாடி இருந்த வழிகள் என்னன்னா, சாதாரண கவுன்சிலிங், சிபிடி (காக்னிட்டிவ் பிஹேவியர் தெரபி), முழு டிபிடி (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி, ரெண்டையும் கீழ விளக்கறேன்), டிபிடியோட ஸ்கில்ஸ் கிளாஸ் மட்டும், மென்டலைசேஷன் தெரபி, பேமிலி தெரபி, மாத்திரை. எல்லாத்துக்கும் சமமா இடம் குடுக்கப் போறதில்ல, சிலதைப் பத்தி சொல்ல ரெண்டு வரி போதும்.

மாத்திரையிலேந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா வீட்டுக்காரங்க முதல்ல கேக்கறது அதைத்தான். டிப்ரஷன், ஆங்சைட்டி மாதிரி ஏதாவது கூடவே இருந்தா அதுக்கு மருந்து உதவலாம், அது தனி விஷயம். ஆனா தன்னைக் காயப்படுத்திக்கற பழக்கத்துக்குன்னே ஒரு மாத்திரை கிடையாது. பிரிட்டன்ல நைஸ்னு ஒரு அமைப்பு இருக்கு, எந்த சிகிச்சை எதுக்குன்னு டாக்டர்களுக்கு வழிகாட்டி போடறது அதுதான், அவங்க 2022ல போட்டதுல செல்ஃப் ஹார்மைக் குறைக்கறதுக்குன்னு மருந்து குடுக்காதீங்கன்னே இருக்கு. அமெரிக்காவுல மருந்துகளைக் கண்காணிக்கற எஃப்டிஏங்கற அரசு அமைப்பு 2004லயே சின்ன வயசுக்காரங்களுக்கு ஆன்டிடிப்ரசன்ட், அதாவது டிப்ரஷன் மாத்திரை, ஆரம்பிக்கறப்போ தற்கொலை எண்ணம் கூடுதான்னு உன்னிப்பா பாக்கணும்னு கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கைய அட்டையில ஏத்துச்சு, 2007ல 24 வயசு வரைக்கும் நீட்டிச்சுது. அதுக்காக மருந்தே வேணாம்னு நான் சொல்லல, டாக்டர் குடுத்தா வாங்கிக்கோங்க, ஏற்கனவே சாப்பிடற மாத்திரைய நீங்களா நிறுத்தவும் செய்யாதீங்க, முதல் சில வாரம் கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு பாருங்க. ஆனா மாத்திரை வாங்கியாச்சு, வேலை முடிஞ்சுதுன்னு மட்டும் நினைச்சுடாதீங்க.

பேமிலி தெரபி, எனக்கு இதுமேல பெரிய நம்பிக்கை இருந்துச்சு, ஏன்னா அக்கா வீட்டுல அத்திம்பேருக்கும் அக்காவுக்கும் புள்ளைய வளக்கற விஷயத்துல ஏழாம் பொருத்தம், ஒருத்தர் விட்டா ஒருத்தர் பிடிப்பாங்க. ஆனா பிரிட்டன்ல 2018ல வெளியான ஒரு பெரிய ஆய்வு, 832 புள்ளைங்க, எல்லாம் 11லேந்து 17 வயசு, ஒரு பாதிக்கு பேமிலி தெரபி, இன்னொரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. 18 மாசத்துல திரும்ப காயத்தோட ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க கணக்கை எடுத்தா ரெண்டு பக்கமும் பெரிய வித்தியாசமே இல்ல. அதைப் படிச்சதும் எனக்கு சப்புன்னு ஆயிடுச்சு. குடும்பம் வேணாம்னு இதுக்கு அர்த்தம் இல்ல, குடும்பத்தை உக்கார வச்சு பேசறது மட்டுமே மருந்தாகாதுன்னு நான் புரிஞ்சுக்கிட்டேன். குடும்பத்துக்கு என்ன கத்துக்குடுக்கறாங்கங்கறதுதான் முக்கியம், அதுக்கு பின்னாடி வரேன்.

சிபிடி, நம்ம எண்ணம் எப்படி உணர்ச்சிய கிளப்புது, உணர்ச்சி எப்படி செயலா மாறுதுன்னு பாத்து அந்த எண்ணத்தை சோதிச்சு மாத்தற முறை. நல்ல முறைதான், எங்க வேணாலும் ஆள் கிடைப்பாங்க, செலவும் நேரமும் கம்மி. எப்பவோ ஒரு தடவை பண்ணின புள்ள, அடியில டிப்ரஷனோ பயமோதான் பிரச்சனைன்னா நான் இதைத்தான் முதல்ல பாப்பேன். ஆனா எங்க பொண்ணு மாதிரி ஒரு மெசேஜுக்கு பதில் வரலன்னா பத்து நிமிஷத்துல உலகமே இடிஞ்சு விழற அளவுக்கு போறவளுக்கு, அந்த பத்து நிமிஷத்துல எண்ணத்தை எடுத்து வச்சு ஆதாரம் இருக்கா இல்லையான்னு அலச முடியாது, மூளை அங்க இருக்காது. அவ ஒரு தடவை சிபிடி பேப்பரை நிரப்பிட்டு என்கிட்ட சொன்னா, "சித்தி, இது நான் நல்லா இருக்கறப்போ நல்லா வருது, நல்லா இருக்கறப்போ எனக்கு இது எதுக்கு?" அந்தக் கேள்விக்கு எங்ககிட்ட பதில் இல்ல.

இந்த இடத்துலேந்துதான் டிபிடி பொறந்ததே. மார்ஷா லினஹான்னு அமெரிக்காவுல வாஷிங்டன் யுனிவர்சிட்டி சைக்காலஜிஸ்ட், தற்கொலை எண்ணத்தோடயே வாழற பொம்பளைங்களுக்கு முதல்ல வழக்கமான பிஹேவியர் தெரபியத்தான் குடுத்துப் பாத்தாங்க. இதை மாத்து அதை மாத்துன்னு சொன்னா "அப்போ தப்பு என்மேலயா, என் வலி உங்களுக்குப் புரியலையா"ன்னு வந்தவங்க கொதிச்சாங்க. சரின்னு மாத்தறதை விட்டுட்டு வெறுமனே ஆறுதலா கேட்டுக்கிட்டா "நான் நரகத்துல இருக்கேன், நீங்க தலையாட்டிக்கிட்டு இருக்கீங்க"ன்னாங்க. அதனால ரெண்டையும் ஒரே நேரத்துல கையில வச்சுக்கற மாதிரி ஒண்ணை உண்டாக்கினாங்க, நீ இப்போ இருக்கறபடியே உன்னை ஏத்துக்கறேன், நீ மாறவும் வேணும். முதல் ஆய்வு 1991ல வந்துச்சு, சிகிச்சை புத்தகம் 1993ல. 2011ல அவங்களே வெளிப்படையா சொன்னாங்க, தானும் 17 வயசுல இதே பிரச்சனையோட ஆஸ்பத்திரில கிடந்தவதான்னு. இதை நான் எங்க பொண்ணுகிட்ட சொன்னப்போ அவ முகத்துல முதல் தடவையா ஒரு ஆர்வம் தெரிஞ்சுது, "அப்போ அவங்களுக்கு தெரியும்"னா. டாக்டர் எவ்ளோ பெரிய ஆளுன்னு சொன்னதெல்லாம் அவகிட்ட எடுபடவே இல்ல, இது எடுபட்டுச்சு.

பெரியவங்களுக்கு உண்டானதை டீனேஜ் புள்ளைங்களுக்கு ஏத்த மாதிரி மாத்தினது ஜில் ராதஸ், அலெக் மில்லர்னு ரெண்டு பேர். அவங்க பண்ணினதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா அப்பா அம்மாவையும் கிளாசுல உக்கார வச்சுட்டாங்க. புள்ள படிக்கற அதே பாடத்தை அதே ரூம்ல அம்மாவும் படிக்கணும், ஹோம்வொர்க் பண்ணணும், அடுத்த வாரம் பண்ணலன்னா எல்லார் முன்னாடியும் பண்ணலன்னு சொல்லணும். அக்காவுக்கு இது ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, ஸ்கூல் முடிச்சு எத்தனை வருஷம் ஆச்சு.

முழு டிபிடின்னா நாலு விஷயம் சேந்து இருக்கணும், இதைத்தான் நிறைய பேர் கவனிக்காம விடறாங்க. வாரம் ஒரு தடவை தனியா தெரபிஸ்ட்டோட உக்காரணும், வாரம் ஒரு தடவை குரூப் கிளாஸ், ரெண்டுக்கும் நடுவுல தாங்க முடியாம போற நேரத்துல தெரபிஸ்ட்டுக்கு போன் பண்ணி "இப்போ எந்த ஸ்கில்லை எடுக்கறது"ன்னு கேக்க வழி, அப்புறம் தெரபிஸ்ட்டுங்களே வாராவாரம் ஒரு டீமா கூடி ஒருத்தரை ஒருத்தர் தாங்கிப் பிடிக்கறது. கடைசியா சொன்னது நமக்கு கண்ணுக்கே தெரியாது, ஆனா இந்த மாதிரி புள்ளைங்களை தனியா ஒருத்தரே பாத்தா அவங்க ஒண்ணு பயந்து போய் விட்டுடுவாங்க, இல்ல மரத்துப் போயிடுவாங்கன்னு ஒரு தெரபிஸ்ட்டே எங்ககிட்ட சொன்னாங்க.

கிளாசுல கத்துக்குடுக்கறது அஞ்சு பாடம். மைண்ட்ஃபுல்னஸ் (இந்த நிமிஷத்துல மனசை வைக்கறது), வலிய தாங்கறது, உணர்ச்சிய கையாள்றது, மனுஷங்களோட பழகறது, அப்புறம் புள்ளைங்களுக்குன்னே சேத்த நடுப்பாதைங்கற பாடம். கேக்கறப்போ ஏதோ பள்ளிக்கூட நீதி போதனை வகுப்பு மாதிரி இருக்கும், உள்ள போய் பாத்தா ரொம்ப நடைமுறை. உதாரணத்துக்கு வலிய தாங்கற பாடத்துல டிப்னு ஒண்ணு, உச்சத்துல இருக்கறப்போ யோசிச்சு எதையும் பண்ண முடியாது, அதனால முதல்ல உடம்பைப் பிடி. குளிர்ந்த தண்ணில மூச்சைப் பிடிச்சுக்கிட்டு முகத்தை ஒரு அரை நிமிஷம் வைக்கறது, தண்ணிக்குள்ள முங்கறப்போ உடம்பு தானா இதயத் துடிப்பைக் குறைக்கும், அந்த இயல்பைப் பயன்படுத்திக்கறது. அதோட கொஞ்ச நேரம் மூச்சு வாங்கற அளவுக்கு ஓட்டம், மூச்சை மெதுவா வெளிய விடறது, தசைய இறுக்கி தளத்தறது. இதயப் பிரச்சனை இருக்கறவங்க, ஈட்டிங் டிஸ்ஆர்டர்னு சொல்ற சாப்பாட்டு நோய் இருக்கறவங்க தண்ணி விஷயத்தை டாக்டர்கிட்ட கேக்காம பண்ணக்கூடாது. இது பிரச்சனைய தீத்துடாது, ஆனா அந்த பத்து நிமிஷத்தை தாண்ட வைக்கும். சிபிடி பேப்பர் கிட்ட இல்லாதது இதுதான்.

அப்புறம் எதிர் செயல்னு ஒண்ணு, ஓடி ஒளிஞ்சுக்கணும்னு வெக்கம் சொல்லுது, ஆனா வெக்கப்படற அளவுக்கு நிஜமா எதுவும் நடக்கலன்னா ஓடாம அங்கயே போய் தலை நிமிந்து உக்காரு. எங்க பொண்ணு இதை ஸ்கூல் லஞ்ச் டைம்ல பண்ணிப் பாத்தா. மூணு நாள் கேவலமா இருந்துச்சாம், நாலாவது நாள் கொஞ்சம் கம்மியா கேவலமா இருந்துச்சாம்.

இப்போதான் எங்க வீட்டு சண்டை. ஸ்கில்ஸ்தான் முக்கியம்னா ஸ்கில்ஸ் கிளாசுக்கு மட்டும் அனுப்பினா போதாதான்னு நான் கேட்டேன். முழு புரோகிராமுக்கு வெயிட்டிங் லிஸ்ட், ஸ்கில்ஸ் குரூப் அடுத்த வாரமே ஆரம்பம், காசும் பாதிக்கு பாதி. எனக்கு அது புத்திசாலித்தனமா தெரிஞ்சுது, அக்காவையும் சம்மதிக்க வச்சேன். தப்பு என்னோடதுதான். எட்டு வாரம் போனா, எல்லா ஸ்கில் பேரும் மனப்பாடம், கேட்டா கடகடன்னு ஒப்பிப்பா, ஆனா ராத்திரி அந்த நேரம் வந்தா ஒண்ணும் வரல. ஏன் வரலன்னு உக்காந்து பாக்கறதுக்கு அங்க ஆளே இல்ல. குரூப்ல அதைப் பேசவும் முடியாது, யார் என்ன பண்ணிக்கிட்டாங்கன்னு அங்க சொல்லக்கூடாதுன்னு விதியே இருக்கு, ஒருத்தரைப் பாத்து ஒருத்தருக்கு தொத்திக்கும்ங்கறதால, அந்த விதி சரியானதுதான்.

அந்த வேலைய பண்றது தனி தெரபிதான். டைரி கார்டுன்னு ஒரு அட்டை, தினமும் எவ்ளோ தோணுச்சு, பண்ணினியா, எந்த ஸ்கில் எடுத்தேன்னு நிரப்பிட்டு போகணும், அதைப் பாத்துதான் செஷனே ஆரம்பிக்கும். உயிருக்கு ஆபத்தான விஷயம் முதல்ல, தெரபியையே கெடுக்கற விஷயம் அடுத்து, ஸ்கூலு பிரெண்ட்ஸெல்லாம் அதுக்கப்புறம்தான், இந்த வரிசை மாறவே மாறாது. ஒரு தடவை காயப்படுத்திக்கிட்டா செயின் அனாலிசிஸ், அந்த நிமிஷத்துலேந்து பின்னாடி பின்னாடி கண்ணி கண்ணியா போவாங்க. முந்தின ராத்திரி தூங்கல, காலைல சாப்பிடல, மதியம் ஒரு பிரெண்டு பாத்தும் பாக்காத மாதிரி போனா, சாயங்காலம் அம்மா மார்க்கைப் பத்தி கேட்டா, நான் யாருக்குமே வேணாம்னு ஒரு எண்ணம், நெஞ்சுல ஒரு அடைப்பு, கதவைச் சாத்தினது. இதுல எந்தக் கண்ணிய எந்த ஸ்கில் அறுத்திருக்கும்? எங்களுக்கு அந்த பிரெண்டுதான் காரணம்னு தோணிட்டே இருந்துச்சு, பாத்தா மூணு தடவைல மூணு தடவையும் சங்கிலி தூக்கமில்லாத ராத்திரிலதான் தொடங்குது. இதை எந்த குரூப்பும் கண்டுபிடிச்சிருக்காது.

போன் விஷயத்துல ஒரு விதி முதல்ல கேக்க கொடூரமா இருக்கும். பண்றதுக்கு முன்னாடி கூப்பிட்டா தெரபிஸ்ட் எடுப்பாங்க, பண்ணிட்டு கூப்பிட்டா பத்திரமா இருக்கியான்னு மட்டும் உறுதி பண்ணிக்குவாங்க, அடுத்த 24 மணி நேரத்துக்கு கோச்சிங் பேச்சு கிடையாது. புள்ளைங்களுக்கு இதை அவங்கவங்க நிலைமைக்கு ஏத்த மாதிரி தளத்தியும் வைக்கறாங்க. அக்கா கொதிச்சுட்டா, இது என்ன தண்டனையான்னு. யோசிச்சுப் பாத்தா வீட்டுல நாம அப்படியே தலைகீழா பண்றோம், புள்ள நல்லா இருக்கறப்போ யாரும் திரும்பிக்கூட பாக்கறதில்ல, காயத்தைப் பாத்ததும்தான் ஓடி வந்து கட்டிப்பிடிக்கறோம், ரெண்டு நாள் எல்லாரும் தாங்கறோம். வலி வந்தா முன்னாடியே கூப்பிடலாம்னு அவ கத்துக்க எங்க வழி விட்டோம்?

ஆய்வு என்ன சொல்லுதுன்னு பாத்தா, நார்வேல 77 புள்ளைங்களை வச்சு 19 வாரம் டிபிடி குடுத்து வழக்கமான சிகிச்சையோட ஒப்பிட்டாங்க, 2014ல வெளியாச்சு, காயப்படுத்திக்கறது டிபிடி பக்கம் நல்லாவே குறைஞ்சுது. அமெரிக்காவுல 2018ல வந்தது இன்னும் கறாரானது, 12லேந்து 18 வயசு வரைக்கும் 173 பேர், பாதிக்கு டிபிடி, பாதிக்கு தனியாவும் குரூப்பாவும் ஆறுதலா கேக்கற சப்போர்ட்டிவ் தெரபி, ரெண்டும் ஆறு மாசம். ஆறு மாச முடிவுல தற்கொலை முயற்சி, காயப்படுத்திக்கறது ரெண்டுலயும் டிபிடி தெளிவா முன்னால இருந்துச்சு. ஆனா ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா ரெண்டு பக்கமும் குறைஞ்சு வித்தியாசம் சுருங்கிப் போச்சு. இந்த ரெண்டாவது வரிய டிபிடி விக்கறவங்க யாரும் சொல்ல மாட்டாங்க. இன்னொண்ணு, அந்த 173 பேர்ல கிட்டத்தட்ட எல்லாருமே பொண்ணுங்கதான், பையன் வச்சிருக்கறவங்க அதை மனசுல வச்சுக்கோங்க. என்னைக் கேட்டா டிபிடி வேகமா கொண்டு போகுது, ஆபத்தான அந்த முதல் ஆறு மாசத்துல வேகம்தான் எனக்கு வேணும். நைஸ் வழிகாட்டியும், உணர்ச்சிய கட்டுப்படுத்த ரொம்ப கஷ்டப்பட்டு அடிக்கடி காயப்படுத்திக்கற புள்ளைங்களுக்கு டீனேஜ் டிபிடிய யோசிக்கலாம்னுதான் சொல்லுது. எல்லா புள்ளைக்கும்னு சொல்லல, பாத்துக்கோங்க.

அதே ஆய்வுலேந்து சாதாரண கவுன்சிலிங்குக்கும் ஒரு மரியாதை கிடைக்குது. நான் முதல்ல அதை இளக்காரமா நினைச்சேன், சும்மா பேசிட்டு வர்றதுக்கு எதுக்கு காசுன்னு. ஆனா அங்க சப்போர்ட்டிவ் பக்கம் இருந்த புள்ளைங்களும் தேறினாங்க, அது பயிற்சி எடுத்தவங்க வாராவாரம் ஒழுங்கா குடுத்த சிகிச்சை, மாசத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரம் அட்வைஸ் கேக்கறது இல்ல. டிபிடி கிடைக்காத இடத்துல, புள்ளைக்கு பிடிச்ச, புள்ள நம்பற, காயத்தைப் பாத்து மிரளாத ஒரு கவுன்சிலர் இருக்காங்கன்னா விட்டுடாதீங்க. ஆனா பேச்சு முழுக்க நல்லா படி, அம்மா அப்பாவை நினைச்சுப் பாருன்னு போகுதுன்னா அது கவுன்சிலிங்கே இல்ல. எங்க பொண்ணுக்கு முதல்ல கிடைச்ச ஒருத்தர் அப்படித்தான், ரெண்டே செஷன்ல அவ வாயை மூடிட்டா, மறுபடி திறக்க மாசக்கணக்காச்சு.

மென்டலைசேஷன் தெரபி, சுருக்கமா எம்பிடி, பீட்டர் ஃபோனகி, ஆண்டனி பேட்மன்னு ரெண்டு பேர் உண்டாக்கினது. அடுத்தவங்க மனசுல என்ன ஓடுது, என் மனசுல என்ன ஓடுதுன்னு படிக்கற திறமை உணர்ச்சி ஏறினா அவிஞ்சு போயிடுது, அதைத் திரும்ப ஏத்தறதுதான் வேலை. லண்டன்ல 80 டீனேஜ் புள்ளைங்களை வச்சு ஒரு வருஷம் பாத்தாங்க, 2012ல வெளியாச்சு, முடிவுல எம்பிடி பக்கம் 56 சதவீதம் பேர் இன்னும் காயப்படுத்திக்கிட்டு இருந்தாங்க, வழக்கமான சிகிச்சை எடுத்த மறுபக்கம் 83 சதவீதம். நல்ல வித்தியாசம்தான். ஹோம்வொர்க், அட்டை, சார்ட்டுன்னாலே எரிச்சலாகற புள்ளைக்கு, எல்லா சண்டையும் "அவ என்னை வேணும்னேதான் அப்படிப் பாத்தா"ன்னு தொடங்கற புள்ளைக்கு நான் இதைத்தான் தேடுவேன். பயிற்சி எடுத்தவங்க கிடைக்கறது டிபிடிய விட கஷ்டமா இருந்துச்சு எங்களுக்கு, அதனால அதை அதோட விட்டோம்.

நல்லா இருக்கற புள்ளைங்களுக்கும் சேத்து முழு வகுப்புக்கே டிபிடி ஸ்கில்ஸ் சொல்லிக்குடுத்தா என்னன்னு சில ஸ்கூல்ல ஆரம்பிச்சிருக்காங்க. ஆஸ்திரேலியாவுல அப்படி ஒண்ணை சோதிச்சு 2023ல வெளியிட்டாங்க, வைஸ் டீன்ஸ்னு பேரு, புள்ளைங்க தேறல, முடிஞ்ச உடனே பாத்தா சிலதுல கொஞ்சம் மோசமாவே ஆயிருந்தாங்க, அப்பா அம்மாவோட உறவு உட்பட. வீட்டுல உக்காந்து பழகினவங்களுக்கு மட்டும் கொஞ்சம் பரவால்ல. எனக்கு இதுல ஆச்சரியமே இல்ல, எட்டு வாரம் எங்க வீட்டுல நடந்ததைத்தான் நான் பாத்துட்டேனே. பழகாத ஸ்கில், கூட பழகறதுக்கு ஆள் இல்லாத ஸ்கில், ஏட்டுச் சுரைக்காய்.

அதனால கடைசில நாங்க பாத்தது தெரபியோட பேரை இல்ல, அது அக்காவுக்கு என்ன கத்துக்குடுக்குதுங்கறதை. நடுப்பாதை பாடத்துல வேலிடேஷன்னு ஒண்ணு வருது, அதாவது அவ உணர்றதுல ஒரு நியாயம் இருக்குன்னு ஒத்துக்கறது, அவ பண்றதை ஒத்துக்கறது இல்ல. "எல்லாரும் என்னை வெறுக்கறாங்க"ன்னு பொண்ணு சொன்னா அக்கா இத்தனை வருஷமா சொல்ற பதில் "சே, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லடி". பாசத்துலதான் சொல்றா. ஆனா அந்தப் பக்கம் கேக்கறது "நீ உணர்றது பொய்". டிபிடி சொல்ற காரணமே இதுதான், பொறவியிலயே உணர்ச்சி அதிகமா தைக்கற ஒரு புள்ள, அதோட உணர்ச்சிய ஒத்துக்காத சுத்துவட்டாரம், ரெண்டும் வருஷக்கணக்கா ஒண்ணையொண்ணு உரசி உரசித்தான் தீப்பிடிக்குது. யாரையும் குத்தம் சொல்றதுக்கு இல்ல, சாதுவான புள்ளைக்கு அதே அம்மா போதுமானவளா இருந்திருப்பா. இப்போ அக்கா "லஞ்ச்ல தனியா உக்காந்திருந்தா அப்படித்தான் தோணும்"னு சொல்லிட்டு நிறுத்திக்கறா. நிறுத்தறதுதான் அவளுக்கு கஷ்டம், அடுத்து ஒரு அட்வைஸ் நாக்கு நுனில நிக்கும். அதே பாடத்துல இன்னொண்ணு, சாதாரண டீனேஜ் முரண்டை நோயா பாக்கறது, நிஜ ஆபத்தை வயசுக் கோளாறுன்னு விட்டுடறது, இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்க நிக்கறதுங்கறது. கதவைச் சாத்தினா பதறி உடைக்கறது அக்கா, காயத்தைப் பாத்தும் சரியாப் போயிடும்னு விட்டது அத்திம்பேர். ரெண்டு பேருக்கும் ஒரே பாடம்தான் தேவைப்பட்டுச்சு.

முழு டீமோட இருக்கற புரோகிராம்ல எங்களுக்கு இடம் கிடைக்கல. அதனால ஒட்டுப்போட்டோம், டிபிடி பயிற்சி எடுத்து, ஒரு டீமோட தொடர்புல இருக்கற தனி தெரபிஸ்ட் ஒருத்தர், அப்பா அம்மாவும் சேந்து உக்காரற குரூப் வேற இடத்துல, ஆன்லைன்ல. ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கணும்னு முதல் நாளே எழுத்துல சம்மதம் வாங்கிட்டோம். போன் பண்ணி கேக்கறப்போ நான் கேட்டது, டைரி கார்டு உண்டா, நடுவுல கூப்பிட முடியுமா, நீங்க யார்கிட்ட கலந்து பேசுவீங்க, அவ திரும்ப பண்ணிக்கிட்டா என்ன செய்வீங்க. கடைசி கேள்விக்கு "அப்படி நடந்தா நான் பாக்க மாட்டேன், ஆஸ்பத்திரிக்குதான்"னு சொன்னவங்க பேரை அங்கயே லிஸ்ட்லேந்து அடிச்சுட்டேன், "என்ன நடந்துச்சுன்னு கண்ணி கண்ணியா பாப்போம், ஆபத்து கூடியிருக்கான்னு பாப்போம்"னு சொன்னவங்ககிட்ட போனோம். டிபிடின்னு போர்டு மாட்டிட்டு நாலு ஒர்க்‌ஷீட் குடுக்கறவங்களும் இருக்காங்க, இந்தக் கேள்வில மாட்டிக்குவாங்க.

காத்திருந்த ஆறு வாரம் சும்மா இருக்கல. சேஃப்டி பிளான்னு ஒண்ணு, அமெரிக்காவுல பார்பரா ஸ்டான்லி, கிரிகரி பிரௌன்னு ரெண்டு பேர் உண்டாக்கினது, சத்தியம் வாங்கறதுக்கு பதிலா இதைப் பண்ணுங்கன்னு டாக்டர் சொன்னாரு. எனக்கு மோசமாகப் போகுதுங்கறதுக்கு என்ன அறிகுறி, நானே என்ன பண்ணலாம், யார் கூட இருந்தா மனசு திரும்பும், யார்கிட்ட உதவி கேக்கலாம், எந்த டாக்டர் எந்த ஹெல்ப்லைன், வீட்டுல ஆபத்தான பொருளையெல்லாம் எப்படி கை எட்டாம வைக்கறது. அவளே எழுதினா, ஒரே பக்கம். நாலாவது வரில என் பேரும் இருந்துச்சு, அதைப் பாத்துட்டு போனை சைலன்ட்ல போடறதை விட்டுட்டேன்.

முதல்லயே ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, டிபிடில புள்ளைய இழுத்துட்டு போய் உக்கார வச்சா நடக்காது. ஆரம்பத்துல சில செஷன் முழுக்க இதுக்கு நான் வரேனா இல்லையான்னு புள்ளையே முடிவு பண்ண வைக்கறதுக்குதான். தொடர்ந்து நாலு வாரம் வரலன்னா புரோகிராம்லேந்து வெளியன்னு பல இடத்துல கறாரா சொல்லுவாங்க. வேற தெரபில இந்தக் கட்டாயம் இல்ல, வரப் பிடிக்காத புள்ளைக்கு அது ஒரு விதத்துல நல்லது. எங்க பொண்ணு அந்த செஷன்ல "எனக்கு இதை விடறதுக்கு இஷ்டம் இல்ல, ஆனா அம்மா இப்படி அழறது பிடிக்கல"ன்னா, தெரபிஸ்ட் அது போதும், இங்கேந்து ஆரம்பிக்கலாம்னுட்டாங்க.

இப்போ பத்து மாசம் ஆச்சு. நின்னுடுச்சான்னு கேப்பீங்க. மாசக்கணக்கா இல்லாம இருந்துட்டு போன பரிட்சை நேரத்துல ஒரு தடவை திரும்பிச்சு, அன்னிக்கே அவளே தெரபிஸ்ட்கிட்ட சொல்லிட்டா, அடுத்த செஷன் முழுக்க செயின் அனாலிசிஸ், மறுபடி தூக்கம்தான் முதல் கண்ணி. குரூப் முடிஞ்சுது, முடிச்சவங்களுக்குன்னு கிராஜுவேட் குரூப் ஒண்ணு இருக்கு, அங்க புள்ளைங்களே ஒருத்தருக்கொருத்தர் ஸ்கில்ஸ் சொல்லிக்குடுப்பாங்க. அதுக்குப் போறதா, தனி தெரபிய மட்டும் தொடர்றதான்னு இப்போ அடுத்த ஒப்பீடு ஓடிட்டு இருக்கு. இந்தத் தடவை அட்டவணைய போட்டது அவ. ஒரு பக்கம் "திங்கக்கிழமை சாயங்காலம் போயிடும்"னு இருக்கு, இன்னொரு பக்கம் "அந்தச் சின்னப் பொண்ணுக்கு டிப் சொல்லிக்குடுக்கலாம்"னு இருக்கு. அக்கா எட்டிப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம வந்துட்டா.